ஜார்ஜியா ஒயின் சுவைப்புச் சுற்றுலா: வாக்களித்தபடி நடத்தாதது குறித்த புகார்

அனுப்புநர்
மண்பாண்ட வியாபாரி,
காருகுறிச்சி, சேரன்மகாதேவி வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
வண்ணார்பேட்டை கிளை, திருநெல்வேலி.

பொருள்: ஒயின் சுவைப்புக்கெனத் தனியாகப் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த ஏப்ரல் மாதம் தங்கள் நிறுவனம் ஜார்ஜியா நாட்டுக்கு அழைத்துச் சென்ற குழுவில் நானும் என் மனைவியும் இருந்தோம். விமானம், தங்குமிடம் ஆகியவற்றில் எங்களுக்குக் குறை இல்லை; காலையில் இட்லி கிடைக்கவில்லை என்று சிலர் முணுமுணுத்ததை நான் ஒரு குறையாகவே கொள்ளவில்லை. பயணக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 7,500 ரூபாய் தனியாகப் பெற்றுக்கொண்டு தாங்கள் நடத்துவதாகச் சொன்ன ‘காகெத்தி ஒயின் சுவைப்பு நாள்’ பற்றியே இதை எழுதுகிறேன்.

தங்கள் விளம்பரத் தாளில், ஜார்ஜியாவின் கிழக்கே உள்ள காகெத்திப் பகுதிக்குச் சென்று, ஒரு கிராமத்து வீட்டின் நிலவறையில் மண்ணில் புதைத்த க்வெவ்ரித் தாழியைத் திறந்து காட்டி, அதிலிருந்து முகந்த ர்காட்சிடெலி (வெள்ளைத் திராட்சை), சபெராவி (கருந்திராட்சை) ஒயின்களைச் சுவைக்கத் தருவதாகத் தெளிவாக அச்சிட்டிருந்தீர்கள். நான் பணம் கட்டியது அந்த ஒரு வரிக்காகத்தான். குடிப்பதற்காக மட்டும் என்றால் அதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன், மண்பாண்டத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஆள் இறங்கி நிற்கும் அளவுள்ள பானையை வாய்வரை புதைத்து அதில் இன்றும் பழச்சாற்றைப் புளிக்கவிடும் ஒரு நாட்டை நேரில் காண விரும்பினேன். என் மனைவி ஒயினைத் தொடுவதில்லை. குயவர் வீட்டில் பிறந்தவள் என்பதால், பானையைப் பார்க்கவே அவளும் பணம் கட்டினாள்.

அந்த நாட்டு முறை சாதாரணமானதும் அல்ல. தலைநகர் திபிலீசிக்குத் தெற்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் கி.மு. 6000 அளவிலான ஒயின் தடயம் கண்டறியப்பட்ட செய்தி 2017இல் வெளியானது. க்வெவ்ரியில் ஒயின் செய்யும் மரபை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தாழியைச் சக்கரத்தில் வனைவதில்லை. களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழடுக்கு இறுகிய பின்னரே மேலடுக்கு ஏற்றி, வாரக்கணக்கில் எழுப்புகிறார்கள். சுட்டபின் சூடு ஆறுமுன் உள்ளே தேன்மெழுகு பூசுகிறார்கள். இலையுதிர்காலத்தில் திராட்சையை நசுக்கித் தோலும் விதையும் சேர்த்தே தாழியில் இட்டு மூடுகிறார்கள், வசந்தத்தில்தான் திறக்கிறார்கள். ஏப்ரல் மாதப் பயணத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கும், தங்கள் கிளை ஊழியர் ‘இதுதான் சரியான சமயம்’ என்று சொன்னதற்கும் அதுவே காரணம்.

நடந்தது வேறு. காகெத்திச் சாலையோரம் உள்ள ஒரு பரிசுப்பொருள் கடையின் முற்றத்தில் எங்களை இறக்கினார்கள். அங்கே தரைக்கு மேலே, இரும்புத் தாங்கியில், பழுப்பு வண்ணம் அடித்த ஒரு பெரிய பானை நின்றது. வழிகாட்டி அதைக் க்வெவ்ரி என்றார். அருகில் சென்று பார்த்தேன்: கழுத்திலிருந்து அடிவரை இருபுறமும் அச்சு சேர்ந்த கோடு ஓடியது, வண்ணம் உரிந்த இடத்தில் சாம்பல் நிறச் சிமெண்ட் தெரிந்தது. விரலால் தட்டினால் சுட்ட மண்ணின் ஓசை எழவில்லை. என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பேருந்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பிளாஸ்டிக் குவளையில் இரண்டு வகை ஊற்றினார்கள். வெள்ளை ஒயின் தண்ணீர்போல் வெளிறியிருந்தது. ர்காட்சிடெலியைத் தோலோடு மாதக்கணக்கில் தாழியில் வைத்திருந்தால் அது செம்பொன் நிறம் கொள்ளும், நாக்கில் நல்ல துவர்ப்பும் பிடிக்கும். எங்களுக்குத் தந்ததில் இரண்டும் இல்லை. சிவப்பு ஒயினின் புட்டியில் ‘கிண்ட்ஸ்மராவுலி’ என்று இருந்தது. அது சபெராவித் திராட்சையில் செய்வதுதான், காகெத்தியைச் சேர்ந்ததும்தான். ஆனால் சர்க்கரை முழுவதும் புளித்துத் தீருமுன் நிறுத்தி விற்கும் அரை இனிப்பு ஒயின் அது. அதில் எனக்கு வெறுப்பில்லை. இனிப்பு விரும்புவோருக்கு நல்ல ஒயின் என்றே சொல்வேன். ஆனால் தாழியிலிருந்து முகந்த சபெராவி என்று தாங்கள் சொன்னதற்கு அது ஈடாகாது. மேற்கே ராச்சா பகுதியில் செய்யும் க்வான்ச்காரா ஒயினையும் காகெத்தி ஒயின் என்றே வழிகாட்டி விற்க முயன்றதைப் பார்த்தபோது, அவருக்குத் தொழில் தெரியாது என்பதும் விளங்கியது.

ஊர் திரும்பியதும் தங்கள் கிளைக்குத் தொலைபேசியில் சொன்னேன். ‘அங்கே உள்ள ஏஜெண்ட் செய்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும், அண்ணாச்சி’ என்று பதில் வந்தது. பணத்தைப் பெற்றதும் ரசீது கொடுத்ததும் தங்கள் கிளை. அந்த ஏஜெண்டின் முகத்தை நாங்கள் கண்டதில்லை. ஆகவே அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

எங்கள் இருவருக்குமாக வாங்கிய 15,000 ரூபாயை இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், அந்த விளம்பரத் தாளில் உள்ள வாசகத்தை உடனே நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற அடிப்படையில் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். அடுத்த பயணத்துக்குக் கட்டணச் சலுகை தருவதாகச் சொல்லி இதை முடித்துவிட வேண்டாம். எனக்கு வேண்டியது பணம் மட்டுமே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: கட்டண ரசீது நகல், விளம்பரத் தாள், சிமெண்ட் பானையின் புகைப்படங்கள்.