ஒடுகத்தூரிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். அரையாண்டுத் தேர்வுத்தாள் கட்டு இன்றுதான் முடிந்தது, அதனால்தான் பதிலுக்கு இத்தனை நாள். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து மார்கழிக் குளிர் இறங்கிவிட்டது.

ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். பயிற்சிப் பள்ளி விடுதியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சார்ட்டில் இதயம் வரைந்தோமே, இப்போது அது துடிப்பதையே காட்டுகிறேன். 2018-இல் பாடநூலில் கியூஆர் கோடு வந்தபோது என் செல்போனைச் சுற்றிப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். இன்று கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறது. எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம்.

ஆனால் ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்தில் ஒன்று நடந்தது. ஃபெட் என்று ஒரு மென்பொருள், திரையிலேயே அறிவியல் சோதனைகளைச் செய்து பார்க்கலாம். கார்ல் வீமன் என்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும், நம் ஊருக்கு அதுதான் வசதி. பிள்ளைகள் விரலால் பேட்டரியையும் ஒயரையும் இழுத்துச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பல்பு எரிந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில்.

மறுநாள் நிஜ பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு கொடுத்தேன். ஒரு குழுவுக்கும் எரியவில்லை! ஒயரின் மேல்தோலைச் சீவ வேண்டும் என்பதே யாருக்கும் தெரியவில்லை. திரையில் அந்த வேலையே கிடையாதே. ஒரு பெண், நான் தடுப்பதற்குள், பல்லால் கடித்து உரித்துவிட்டாள். செம்புக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். பல்பு மினுக்கென்று எரிந்தது. ஜன்னல் வெளிச்சம் படாமல் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் சார், போர்டுல எரிஞ்ச மாதிரி பளிச்சுன்னு எரியல?" என்றாள்.

பேட்டரி பழசு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அன்றைய பாடம் முழுவதும் போனது.

அதிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் கையால் செய்யட்டும், அப்புறம் திரை. ஒயருக்குள் எலக்ட்ரான் நகர்வதைக் கையால் பார்க்க முடியாது, அதைத் திரைதான் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் போட்டால் வகுப்பே மூச்சு விடாமல் பார்க்கிறது.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? வீட்டில் ஓடாத பழைய டார்ச் லைட் கிடந்தால் எடுத்து வா. இன்னும் மூன்று பல்பு குறைகிறது.

அன்புடன்,
உன் நண்பன்