ஜனவரி 26: மெல்பர்னிலும் பொள்ளாச்சியிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டியவை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, குளிருக்கு உடுப்பு எல்லாம் சரி. ஆனால் அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு அறிவுரைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அந்த நாட்டு விழாக்களில் மனமாரக் கலந்துகொள்ளுங்கள் என்பது ஒன்று. அந்த நாட்டு அரசியலில் தலையிடாதீர்கள் என்பது மற்றொன்று. விழாவே அரசியலாக இருக்கும் நாட்டில் பிள்ளை என்ன செய்யும்?

என் மகள் மெல்பர்னில் முதுகலை படிக்கிறாள். போன புதிதில் ஜனவரிக் கடைசியில் ஆஸ்திரேலிய தினம் வந்தது. அவள் பகுதி நேரமாக வேலை பார்க்கும் காபிக் கடையில் அன்றைக்கு வந்தால் கூடுதல் சம்பளம் என்றார்கள். அங்கே அரசு விடுமுறை நாளுக்குச் சம்பளக் கணக்கே வேறு. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி கன்னத்தில் தேசியக் கொடியை வரைந்துகொண்டு கடற்கரைக்குக் கிளம்பினாள். இன்னொரு பையன் படையெடுப்பு நாள் ஊர்வலத்துக்கு வா என்றான். ஆஸ்திரேலிய தினத்தை எதிர்ப்பவர்கள் அதே நாளுக்கு வைத்த பெயர் அது. அவன் சட்டையில் மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். பூர்வகுடி மக்களின் கொடி அது. (நம் ஊர்க் கட்சிக் கொடி அங்கே எப்படிப் போனது என்று முதலில் யோசித்தாளாம்.) இரண்டு பேரும் கூப்பிட, இவள் எங்களுக்குப் போன் போட்டாள். "ஊர்வம்பு நமக்கெதுக்கு சாமி, பேசாம வேலைக்குப் போ" என்றாள் என் மனைவி. போனாள்.

வேலைக்குப் போனது சரிதான். அது என்ன நாள் என்பதை அதுவரை யாருமே அவளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. 1788 ஜனவரி 26 அன்று, ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்களில் கைதிகளும் காவலர்களுமாக வந்த ஆங்கிலேயர்கள் சிட்னித் துறையில் கொடி ஏற்றினார்கள். 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்துவந்த மண்ணை, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று கணக்கு வைத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு செல்லாது என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் மாபோ வழக்கில் சொல்ல 1992 வரை ஆயிற்று. 1938இல் அரசு 150ஆம் ஆண்டு விழா எடுத்தபோது, பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் ஓர் அரங்கில் கூடித் துக்க நாள் அனுசரித்தார்கள். 1972இல் அதே தேதியில், கான்பெராவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே பூர்வகுடியினர் நாலு பேர் ஒரு கடற்கரைக் குடையை நட்டு, அதற்குத் தூதரகம் என்று பெயர் வைத்தார்கள். சொந்த ஊரிலேயே எங்களை அந்நியர் ஆக்கிவிட்டீர்கள் என்ற குத்தல் அது.

எல்லா மாநிலங்களும் சரியாக 26ஆம் தேதியே விடுமுறை விடத் தொடங்கியதுகூட 1994இல்தான். மெல்பர்னில் உள்ள யாரா நகர மன்றம் 2017இல், அன்றைக்கு விழாவும் நடத்த மாட்டோம், குடியுரிமை வழங்கும் நிகழ்ச்சியும் நடத்த மாட்டோம் என்றது. மத்திய அரசு அந்த நிகழ்ச்சியை நடத்தும் உரிமையையே பிடுங்கிக்கொண்டது. ஊல்வொர்த்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம், தன் கடைகளில் கொடி, தொப்பி போன்ற விழாச் சரக்குகளைத் தனியாக வாங்கி விற்கப் போவதில்லை என்று 2024இல் அறிவித்ததும், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் அந்தக் கடைகளையே புறக்கணிக்கச் சொன்னார். தொப்பி விற்பதே கட்சி கட்டுவதாகிவிட்ட நாளில், மனமாரக் கலந்துகொள் என்றால் யாரோடு கலப்பது?

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அன்றே நமக்குக் குடியரசு தினம். இந்தியத் துணைத் தூதரகத்துக் கொடியேற்றத்துக்குப் போய்விடலாம். நல்ல சாக்கு! ஆனால் அதுவும் தொடர்பில்லாத சங்கதி இல்லை. அங்கே அந்தத் தேதி பிரிட்டிஷ் கொடி ஏறிய நாள். இங்கே அதே கொடியை இறக்கி முழு விடுதலை பெறுவோம் என்று 1930இல் உறுதி எடுத்த நாள். 1950இல் அரசியல் சாசனத்தை நடைமுறைக்குக் கொண்டுவர அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர் விவகாரம், நமக்கு விளங்காது என்று சொல்ல எங்கள் பக்கத்து ஆளுக்கு வாய் வரக் கூடாது. ஈரோட்டுப் பெரியார் 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார். அண்ணா அதை ஏற்காமல் மகிழ வேண்டிய நாள் என்றார். 1965 ஜனவரி 26 முதல் இந்திதான் ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது, அந்தக் குடியரசு தினத்தையே துக்க நாளாக்க அண்ணாவின் கட்சி அறைகூவியது. அவரைக் கைது செய்தார்கள். பிப்ரவரியில் எங்கள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்த என் பெரியப்பா, கடைவீதிப் பக்கம் தலை காட்டாதபடி வீட்டில் பூட்டி வைத்ததை இன்றும் சொல்வார். அதே பிப்ரவரியில், இந்தப் பகுதிக்காரரான மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியம் மொழிப் பிரச்சினைக்காகப் பதவி விலகக் கடிதம் கொடுத்தார். இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அங்கே நிலம் போயிற்று, பூர்வகுடிகளின் பிள்ளைகளைக்கூட அரசே பிடுங்கிக்கொண்டு போனது. அதற்கு 2008இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒருவர் கொடியேற்றும் நாளில் இன்னொருவர் கறுப்புக் கொடி பிடிப்பார் என்பதாவது நமக்குத் தெரிந்த சங்கதிதானே?

பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2025இல் அமெரிக்காவில் போராட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலருடைய விசா ரத்தானது. தோப்பை அடமானம் வைத்து அனுப்பியவருக்கு அந்தச் செய்தி வயிற்றைக் கலக்காதா? அதனால் ஊர்வலத்துக்குப் போ என்று என் மகளிடம் நானும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த நாளின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு கடற்கரைக்குப் போகட்டும், ஊர்வலத்தின் ஓரமாக நின்று பார்க்கட்டும், தூதரகத்தில் இனிப்பு வாங்கிச் சாப்பிடட்டும், வேலைக்கே போகட்டும். அது அவள் பாடு.

கோவையில் காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் பக்கம் எத்தனையோ கன்சல்டன்சிகள் இருக்கின்றன. ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சிக்கு மாதக்கணக்கில் உட்கார வைப்பவர்கள், போகிற நாட்டின் வரலாற்றுக்கு ஒரு மதியம் ஒதுக்கக் கூடாதா? உங்கள் பத்திரிகையும் அடுத்த கட்டுரையில் இதற்கு ஒரு பக்கம் கொடுக்கலாம். பிப்ரவரிச் சேர்க்கைக்குப் போகிறவர்களில் பலர் ஜனவரியிலேயே போய் இறங்குகிறார்கள். அவர்கள் பார்க்கும் முதல் அரசு விடுமுறையே இதுதான். ஆகவே டிசம்பருக்குள் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி.