செல்விக்கு, கோணல் உத்திரம் பற்றி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. இங்கிலாந்தில் பிரெட்ஃபர்ட்டன் கிராமத்தில் நீ கூட்டிப்போன ஃபிளீஸ் என்ற பழைய பீர்க் கடையை அம்மாவிடம் 'சத்திரம்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

உள்ளே நுழைந்ததும் உத்திரத்தைப் பார்த்து, "எந்த ஆசாரி இப்படிக் கோணலா ஏத்தினான்?" என்று கேட்டேனே, அது என் அவசரப் பேச்சு. மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் தேக்கை ஆறப்போட்டு இழைப்பது போல அவர்கள் ஓக் மரத்தைக் காயவிடுவதில்லை. காய்ந்துவிட்டால் உளி இறங்காது. அதனால் பச்சையாகவே செதுக்கி ஏற்றிவிடுவார்களாம். இன்னொரு சட்டத்தின் குழிக்குள் செருகும் முனையான கழுந்தில் ஆணித் துளையை எதிர்த் துளைக்கு நேராகப் போடாமல், தோள் பக்கம், அதாவது கழுந்தின் அடிப்பக்கமாக, ஒரு நூல் தள்ளிப் போடுகிறார்கள். மர ஆணியை அடிக்க அடிக்க அது லேசாக வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்துக் கவ்விக்கொள்கிறது. அப்புறம் மரம் சுருங்கட்டும், முறுக்கட்டும், பிடி விடாது. நாற்பது வருஷம் உளி பிடித்தும் எனக்குத் தெரியாத வேலை இது.

சட்டங்களுக்கு நடுவே கம்பு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்புவதுதான் அந்தக் கால வழக்கம். நம் தாத்தா வீட்டுச் சுவரேதான்.

15ஆம் நூற்றாண்டில் ஒரே கூரையின் கீழ் குடும்பமும் மாடும் இருந்த குடியானவன் வீடு அந்த ஃபிளீஸ். 1848இல்தான் கடையாயிற்று. அந்த வம்சத்தில் கடைசியாக இருந்த லோலா டாப்ளின் அம்மாள் 1977இல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். சிப்ஸ் விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு! பிடித்த பிடியில் நின்ற கிழவி, எனக்குப் பிடித்துப்போயிற்று. 2004இல் கூரை தீப்பிடித்தபோது ஊர்க்காரர்கள் வரிசையாக நின்று பழைய பாத்திரங்களைக் கைமாற்றி வெளியே எடுத்திருக்கிறார்கள்.

கணப்படுப்புக் கல்லில் வெள்ளையாக வட்டங்கள் இருந்தனவே, நான் கோலம் என்று நினைத்தேன். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரி இறங்காமலிருக்கவாம்.

அடுத்த தடவை போனால் மூலைக் காலில் அந்த ஆணித் தலையைப் போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடு. பின்னால் பீர்க் குழாய் தெரியாமல் பார்த்துக்கொள். அம்மா போனில்தான் வரும்.

அன்புடன்,
அப்பா