பத்து வருடக் கணக்கை ஒரே பக்கத்தில் காட்டுங்கள்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு,

வணக்கம். நான் ஒரு சிறு பங்குதாரர். உங்களில் ஒருவருடைய பத்து வருட ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, தக்கவைத்த லாபம், அதாவது பங்குதாரருக்குப் பிரித்துத் தராமல் கம்பெனியே வைத்துக்கொண்ட லாபம், என்ற ஒற்றை வரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். எளிய கணக்குதான். தொடக்க இருப்போடு அந்த வருட லாபத்தைக் கூட்டி, பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுத்த டிவிடெண்டைக் கழித்தால் இறுதி இருப்பு. அதுவே அடுத்த வருடத்தின் தொடக்கம்.

பத்து வருட லாபம் மொத்தம் 700 கோடி, டிவிடெண்ட் 200 கோடி. அப்படியானால் இருப்பு 500 கோடி ஏறியிருக்க வேண்டும். ஏறியது 410தான். மீதி 90 எங்கே? இரண்டு நாள் அடிக்குறிப்புகளைத் துழாவினேன். 50 கோடி, பணம் வாங்காமல் தரும் போனஸ் பங்கு கொடுத்தபோது பங்கு மூலதனத்துக்கு மாறியிருந்தது. சரி, அது பங்குதாரரின் பணமாகவே இருக்கிறது. மிச்ச 40 கோடி, பழைய வருடங்களின் பிழைத் திருத்தம். ஒரு வருடம் முடிந்த இருப்பும் மறு வருடம் தொடங்கிய இருப்பும் ஒன்றாக இல்லை. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. நான் லாபம் என்று படித்து மகிழ்ந்ததில் 40 கோடி லாபமே இல்லை! விதிப்படி சரிதான். ஆனால் நடப்பு வருடத்தையும் போன வருடத்தையும் மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் எங்கள் ஆட்களும் தவறாகக் கேட்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். "இவ்வளவு வைத்திருக்கிறீர்களே, எடுத்துக் கொடுத்தால் என்ன?" என்கிறார்கள். அது பெட்டியில் இருக்கும் பணமல்ல. இயந்திரமாக, சரக்காக, வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியாக எப்போதோ மாறியிருக்கும். அதேபோல, இருப்பு மைனஸில் இருந்தாலே நஷ்டக் கம்பெனி என்றும் சொல்லிவிட முடியாது. ஆப்பிள் 2022 நிதியாண்டில் சுமார் 9,980 கோடி டாலர் லாபம் பார்த்தது. அந்த வருட முடிவில் இந்த வரியில் இருந்ததோ சுமார் 300 கோடி டாலர் மைனஸ். பல வருடங்களாக டிவிடெண்டாகவும் பங்குகளைத் திரும்ப வாங்கியும் பணத்தை வெளியே கொடுத்ததன் விளைவு அது.

எனக்கு உறுத்துவது வேறு. நான் பார்த்த கம்பெனியின் லாபம் முதல் வருடம் 60 கோடி, பத்தாம் வருடம் 80 கோடி. லாபமே இல்லாத அந்த 40 கோடி போக, எங்களிடம் தராமல் 460 கோடியை வைத்துக்கொண்டு, வருட லாபத்தில் கூட்டியது 20 கோடி. நூற்றுக்கு நாலு சொச்சம்! அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு ஒரு அளவுகோல் சொன்னார்: நிறுத்திவைக்கும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒரு டாலர் சந்தை மதிப்பாவது கூட வேண்டும். ஒரு வருடத்தை வைத்து அல்ல, ஐந்தைந்து வருடமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். உங்கள் அறிக்கைகளில் "எதிர்கால வளர்ச்சிக்காக" என்ற சொற்றொடர் வருடா வருடம் வருகிறது. போன தடவை சொன்ன எதிர்காலம் வந்துவிட்டதா என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

அடுத்த ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தொடக்க இருப்பு, லாபம், டிவிடெண்ட், திரும்ப வாங்கிய பங்கு, போனஸ், திருத்தம், இறுதி இருப்பு, பத்து வருடத்துக்கும். தலைவரின் படத்தை அரைப் பக்கமாகச் சுருக்கினாலே பாதி இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நோட்டும் பேனாவுமாக ஒரு பங்குதாரர்