பந்து வந்தால் முகத்தைத் திருப்பும் பிள்ளைகள்

செம்பூர், மும்பை

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. தாராவி பால்வாடிக்கு இன்னோர் அறையும் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் கீழே இறங்கியே நாளாயிற்று.

உன் பால்வாடிப் பிள்ளைகளுக்கு நாலு வயதாகியும் பந்து பிடிக்க வரவில்லை என்று எழுதியிருந்தாய். கையை விறைப்பாக நீட்டி, முகத்தைத் திருப்பி, பந்து நெஞ்சில் பட்ட பிறகு அணைத்துக்கொள்வதுதானே? எல்லாப் பிள்ளையும் கடக்கிற படிதான் அது. டென்னிஸ் பந்தை எடுத்து வைத்துவிடு. சின்னது, வேகமாக வரும், பட்டால் வலிக்கும். பிறகு எப்படிப் பயம் போகும்? பலூனில் ஆரம்பி. மெதுவாக இறங்குவதால் கண்ணும் கையும் சேர நேரம் கிடைக்கும். வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடு, வாயில் போட்டால் தொண்டை அடைக்கும். அடுத்தது 15–20 செ.மீ. ரப்பர் பந்து, காற்றைக் கொஞ்சம் இறக்கி. ஒரு மீட்டர் தள்ளி நின்று, கீழிருந்து நெஞ்சு உயரத்துக்கு மெல்லப் போடு. முழங்கை மடங்கி, உள்ளங்கையிலேயே பந்து நிற்கத் தொடங்கியதும் பந்தைச் சிறிதாக்கலாம்.

எறிவதில் வேறு சிக்கல். வலது கைப் பிள்ளை வலது காலையே முன்வைக்கும், இடுப்பு திரும்பாது. பக்கவாட்டில் நிறுத்தி, இடது கால் வைக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு பாதம் வரைந்துவிடு. சின்ன வட்டத்தைக் குறிபார்க்கச் சொல்லாதே. குறி தப்பக்கூடாதென்று மெல்லத்தான் போடுவார்கள். "சுவர் அதிர எறி" என்று சொல், முழு உடம்பும் சேர்ந்து வரும்.

நொண்டிக்கு அவசரமில்லை. ஒற்றைக் காலில் சில நொடி நிற்க வராதவனை நொண்டியடிக்கச் சொல்லாதே. முதலில் சுவரைப் பிடித்து நிற்கட்டும். சாக்ஸ் வேண்டாம், மொசைக் தரை வழுக்கும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது, பிள்ளைகள் வரிசையில் காத்து நிற்பதுதான். இருபது பிள்ளைக்கு ஒரு பந்து என்றால் பத்து நிமிடத்தில் ஆளுக்கு அரை நிமிடம். மீதி நேரம் முன்னால் நிற்பவனைக் கிள்ளுவது. மூன்று, நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. வரிசையில் நின்று அது எப்படித் தேறும்? பழைய செய்தித்தாளைக் கசக்கி சாக்ஸுக்குள் திணித்து முடிச்சுப் போடு, ஆளுக்கொரு பந்து. காலை நேர 'லெஃப்ட்-ரைட்' டிரில்லைப் பாதியாகக் குறைத்தால் நேரமும் கிடைக்கும். உன் மேலாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

ஒற்றை சாக்ஸ் இங்கே நிறையச் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சாந்தி