பதினாலாம் போர்ட்

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, வீட்டில் எல்லோருக்கும் அதை வாசித்துக் காட்டினேன். அவர்கள் இனிமேல் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டார்கள், பார்த்துக்கொள். இங்கே சின்னவள் பன்னிரண்டாவது. டியூஷன் வாசலில் காத்துக்கிடப்பதுதான் என் பொழுதுபோக்கு.

உன் கம்பெனி வைஃபை சங்கதிக்கு வருகிறேன். நாலு ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை வீசும் டப்பா. எல்லாம் ஒரே செட்டிங்கைப் பகிரும் ஒரே கிளஸ்டர், செட்டிங் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் பச்சை. ஆபீஸுக்கு வைத்த வைஃபை பேர் ஓடுகிறது, குடோன் ஸ்கேனருக்கு வைத்த பேர் மட்டும் சில இடத்தில் ஓடவில்லை என்கிறாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவணியில் நான் பட்ட பாடும் இதேதான்.

இங்கே ஒரு கல்யாண மண்டபம், என் பழைய வாடிக்கை. ஆறு ஆக்சஸ் பாயின்ட். ஆடிக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடி இறங்கி, மாடியில் இருந்த ஒரு டப்பாவும், எல்லா டப்பாவின் ஒயரும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் அது சொருகியிருந்த போர்ட்டும் போய்விட்டன. அதே மாடல் புதுசு வாங்கி மாட்டினேன். முதலில் கிளஸ்டரில் சேரவே இல்லை. ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள், வேறாக இருந்தது. மற்றதில் இருந்த அதே பதிப்பை ஏற்றியதும் சேர்ந்துகொண்டது. பேர்கள் எல்லாம் தானாக இறங்கின, ஆறும் பச்சை. சுவிட்சில் ஏழாம் போர்ட் செத்துப்போனதால் டப்பாவின் ஒயரைப் பதினாலில் சொருகிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆடியில் கல்யாணம் ஏது? யாரும் கவனிக்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தம். மேனேஜர் போனில், "சார், கீழே இருந்தா நெட் வருது, மாடிக்கு நடந்து போனா நின்னுடுது" என்றார். 'நடந்து போனா' என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வரும் ரோமிங் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். பவரைக் குறைத்தேன், கூட்டினேன், சேனலை மாற்றினேன். அரை நாள் போச்சு. கீழே பந்தி நடக்கிறது, நான் மாடிப்படியில் போனைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் என்னை போட்டோகிராஃபர் என்று நினைத்துக் குடும்பத்தோடு நின்று போஸ் கொடுத்தார்.

அப்புறம்தான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடி டப்பாவுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தேன். கெஸ்ட் பேரில் சேர்ந்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி. அப்படியென்றால் முகவரி கொடுக்கிற டிஹெச்சிபியிடமிருந்து எதுவும் வரவில்லை, மெஷின் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அங்கேயே ஆபீஸ் பேருக்கு மாறினால் ஒழுங்கான முகவரி, நெட் பிரமாதம். கீழே போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் ஓடுகிறது. ஒரே டப்பாவில் ஒரு பேர் ஓடி இன்னொன்று ஓடவில்லை என்றால் ரேடியோவைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை மாப்ள. அந்த டப்பாவுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் விலான், அதாவது ஒரே ஒயரில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க் பாதை, அறுந்திருக்கிறது.

சுவிட்சின் செட்டிங்கைத் திறந்து, எந்தப் போர்ட்டில் எந்தக் கருவியின் மேக் நம்பர் தெரிகிறது என்று காட்டும் மேக் டேபிளைப் பார்த்தேன். மற்ற ஐந்து போர்ட்டிலும் கெஸ்ட்டின் விலான் 20-ல் போன்கள் வரிசையாக நிற்கின்றன. பதினாலில் ஒன்றுகூட இல்லை. அந்தப் போர்ட்டை ஒரு காலத்தில் பில்லிங் கம்ப்யூட்டருக்காக நானே ஆக்சஸ் மோடில் வைத்திருக்கிறேன், அதாவது விலான் 1 மட்டும்தான் போகும். கிளஸ்டர் பேச்சும் ஆபீஸ் பேரும் டேக் (விலான் நம்பர் சீட்டு) இல்லாமல் விலான் 1-ல் போவதால் அவை தாராளமாகப் போகின்றன. கெஸ்ட் 20 டேக்கோடு வருகிறது, அதைப் போர்ட் வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது. நடந்து போகிறவனுக்கு ஏன் நிற்கிறது என்பதும் விளங்கியது. கீழே வாங்கிய முகவரியோடு மாடி டப்பாவுக்குத் தாவுகிறான். போனில் வைஃபை அடையாளம் முழுசாக இருக்கிறது, பாக்கெட் மட்டும் சுவிட்சில் சாகிறது. போர்ட்டைப் பல விலானும் போகிற ட்ரங்க் ஆக்கி 20-ஐ அனுமதித்தேன், பத்து நொடியில் வேலை முடிந்தது. போர்ட்டை மாற்றியவன் நான்தான் என்பதை மேனேஜரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கிளஸ்டர் பச்சை என்றால் டப்பாக்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன, எல்லாவற்றிலும் ஒரே செட்டிங் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பின்னால் இருக்கிற ஒயர் எந்த விலானைத் தூக்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? உனக்கு எந்த டப்பாவின் கீழ் ஸ்கேனர் நிற்கிறது என்று முதலில் பிடி. போனில் ஒரு வைஃபை அனலைசர் போட்டு பிஎஸ்எஸ்ஐடியை, அதாவது டப்பா காற்றில் காட்டும் நம்பரை, பார். பெரும்பாலும் ஒவ்வொரு பேருக்கும் எழுத்து ஒன்றிரண்டு மாறும், மற்றபடி டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் நம்பரோடு ஒத்துப்போகும். எல்லா டப்பாவிலும் அந்தப் பேர் செத்திருந்தால் டப்பாக்களை விட்டுவிட்டு மேலே போகிற அப்லிங்கையும் டிஹெச்சிபியையும் பார்.

இது முடிந்த மறுவாரமே இன்னொரு கூத்து. எல்லாம் சேர்கிறது, ஆனால் ஆமை வேகம். முதலாளி, 'மாப்பிள்ளை வீட்டுக்குத் தனி, பொண்ணு வீட்டுக்குத் தனி' என்று பேர் கேட்டு வாங்கியிருந்தார். ஆபீஸ், கெஸ்ட், கேமரா, லைவ் என்று சேர்த்து ஆறு பேர். ஒவ்வொரு பேரும் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் நொடிக்குப் பத்து தடவை 'நான் இருக்கேன்' என்று பீக்கன் கத்தும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போனால் ஒரு தடவைக்குச் சுமார் இரண்டரை மில்லிசெகண்ட். ஆறு பேருக்கு நொடியில் 150 மில்லிசெகண்ட். சேனல் 1, 6, 11 மூன்றுதான், டப்பா ஆறு. ஆக ஒரே சேனலில் இரண்டு. காற்று நேரத்தில் 30 சதவீதம் யாரும் எதுவும் அனுப்பும் முன்பே காலி. குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸுக்கு ஏற்றினேன், பேரை நாலாகக் குறைத்தேன். பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் கெஸ்ட்டும் எப்படியும் அதே விலான் 20-தானே. முதலாளிக்கு இன்னும் மனத்தாங்கல்.

கெஸ்ட் லீஸையும், அதாவது ஒரு முகவரியை ஒரு போனுக்கு ஒதுக்கி வைக்கும் நேரத்தையும், இரண்டு மணி நேரமாக்கினேன். முன்பு 24 மணி நேரம். சாயங்காலம் ரிசப்ஷன் கூட்டம், காலையில் முகூர்த்தக் கூட்டம், இருந்ததோ 253 முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன் ஒவ்வொரு வைஃபை பேருக்கும் வேறொரு மேக் நம்பர் காட்டுகிறது. பேரைக் குறைக்கும் முன் விலான் 20-ன் மூன்று பேரிலும் சேர்ந்து பார்த்த ஒரு வாலிபன் மூன்று முகவரியைத் தின்றிருப்பான்.

உன் குடோன் போர்ட்டைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று எழுது. தை பிறந்து ஊருக்கு வரும்போது அந்த கிரிம்பிங் டூலையும் எடுத்து வா. பாலிடெக்னிக்கில் 'ரெண்டு நாள்ல தாரேன்' என்று வாங்கிக்கொண்டு போனாயே, அதுதான். அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
மாப்ள