பாட்டு லிஸ்ட் கேட்ட மாப்பிள்ளைக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கம்பு இல்லாமல் தெருமுனை வரைக்கும் நடக்கிறாய் என்று எழுதியிருந்ததை உன் தங்கச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "நடக்கட்டும், மாடிப்படி மட்டும் ஏற வேண்டாம்னு அண்ணனுக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். இங்கே பெரிதாக விசேஷம் ஒன்றுமில்லை. பேரன் என் கண்ணாடியை உடைத்துவிட்டான். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

நீயும் பழைய கதையெல்லாம் எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் "நாவல் எழுதும்போது என்ன பாட்டுக் கேட்கிறாய், ஒரு லிஸ்ட் அனுப்பு" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் பதில் சொல்லத் தெரியாமல் பத்து நாளை ஓட்டினேன். லிஸ்ட் இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்தில் நாலைந்து லிஸ்ட் போட்டு, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

முதலில் சினிமாப் பாட்டு வைத்தேன். அது உதவாது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. நான் ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது பாட்டெழுதியவர் தன் வாக்கியத்தை எடுத்து நீட்டுகிறார். அதுவும் என்னுடையதைவிட நல்லதாக இருந்து தொலைக்கிறது! போதாக்குறைக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் நம்முடைய ரூம், மெஸ், நீ உதை வாங்கிய கதை என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறது. எழுத வேண்டியது 1964ஆம் வருஷத்துக் கோவில்பட்டியை. பேனா போவதோ நம் ஹாஸ்டல் வராந்தாவுக்கு.

சரி, வார்த்தை இல்லாத இசையாக இருக்கட்டும் என்று இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' எடுத்தேன். 1986இல் அந்த கேசட் வந்தபோது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் சேர்த்துச் சமர்ப்பணம் செய்திருக்கிறார் என்று நீ எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தது நினைவிருக்கிறதா? அதே கேசட்டில் உள்ளதைத்தான் இப்போது ஹெட்போனில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று நாலு பக்கம் ஓடியது. குக்கர் ஏழெட்டு விசில் அடித்துப் பருப்பு அடிப்பிடித்ததும் தெரியவில்லை. உன் தங்கச்சி குளித்துவிட்டு வந்து ஹெட்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். அது இன்னும் அவள் பீரோவில்தான் இருக்கிறது. மறுநாள் அந்த நாலு பக்கத்தை வாசித்தால், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் என் நாவலின் பேச்சியம்மாள் ஏதோ ஐரோப்பியத் தேவாலயத்துக்குள் நடந்துபோவது போல இருந்தது. இசையின் மேல் குற்றமில்லை. அது அவள் காதில் விழுந்திருக்காது, அவ்வளவுதான்.

இதை விடப் பெரிய கூத்து அவள் குழந்தை சாகிற அத்தியாயத்தில் நடந்தது. சோகத்துக்கு முகாரி ராகம் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட பாடம்தானே. ஒரு மணி நேரம் முகாரியாகவே கேட்டுவிட்டு எழுதினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எழுத்தும் முதல் வரியிலிருந்தே அழுதுகொண்டிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே வாக்கியமெல்லாம் ஒப்பாரி. பதினாலு பக்கம். கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் வேறு மாதிரி யோசித்தேன். எனக்கு எந்த இசை பிடிக்கும் என்பது இருக்கட்டும். பேச்சியம்மாள் எதைக் கேட்டிருப்பாள்? வீட்டில் ரேடியோ கிடையாது. கச்சேரிக்குப் போகிறவள் இல்லை. நாள் முழுக்கத் தீக்குச்சி அடுக்குவது, ராத்திரி சிம்னி வெளிச்சத்தில் பெட்டி ஒட்டுவது. அவளுக்குக் கிடைத்த சங்கீதம் இரண்டே இடத்திலிருந்துதான். ஒன்று, செண்பகவல்லி அம்மன் கோயிலில் சாமி புறப்படும்போது நாயனத்தில் (நாதஸ்வரத்தில்) வாசிக்கிற மல்லாரி. இன்னொன்று, யார் வீட்டுக் கல்யாணத்திலோ கட்டின குழாய் ஸ்பீக்கர்.

அந்த ஊரில் நாயனம் என்றால் காருகுறிச்சி அருணாசலம்தானே. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று வந்தவர். 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகி பாட, அவர் வாசித்த 'சிங்கார வேலனே' பாட்டை ஒலிபரப்பாத கல்யாண வீடு இருந்திருக்காது. என் நாவல் நடக்கிற 1964இல்தான் அவர் போய்ச் சேர்ந்தார். ஆகவே அந்தப் பாட்டையே போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி நகரவில்லை. நாயனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க முடியுமா? அது நம்மை இழுத்து உட்கார வைத்துவிடும். அந்த ஆபேரி ராகப் பாட்டு முடிந்தால் இன்னொரு தரம் கேட்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு வழி கிடைத்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் செல்போனைச் சமையலறையில் பித்தளை அண்டாவுக்குள் மறந்து வைத்துவிட்டேன் (ஏன் அண்டாவுக்குள் என்று கேட்காதே, பேரன் கையில் சிக்காத இடம் அது ஒன்றுதான்). பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வாசல் திண்ணையில் இருக்கிறேன். நடுவில் இரண்டு கதவு. காற்றடித்தால் கொஞ்சம் கேட்கிறது, நின்றால் இல்லை. ஜானகியின் குரலில் வார்த்தை கரைந்துபோய் ஏற்ற இறக்கம் மட்டும் வருகிறது. நாயனம் ஒரு பிடி வந்துவிட்டு அறுந்துபோகிறது. மாப்ளே, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி யாருக்கோ கல்யாணம், இங்கே ஒருத்தி சாணி மெழுகின தரையில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்டது இதைத்தான்.

குழந்தை சாகிற அத்தியாயத்தை அன்றைக்கே திரும்ப எழுதினேன். முகாரி இல்லை. அடுத்த தெருவில் கல்யாணம், ரெக்கார்டு ஓடுகிறது. ஆறு பக்கத்தில் முடிந்துவிட்டது. பேச்சியம்மாள் அழவே இல்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி யாரோ போகிறார்கள், அவர்கள் போய்ச் சேருவதற்குள் தட்டு அதுவாக முடிந்துவிடுகிறது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தானே.

இப்போது காலையில் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு மல்லாரி மட்டும் கேட்கிறேன், கம்பீர நாட்டை ராகத்தில். அதை மூன்று வேகத்தில் வாசிக்கும்போது தவில் காலைப் பிடித்து நடக்க வைக்கிறது. நேற்று விட்ட இடத்துக்குப் போய்ச் சேர அந்த நடை போதும். பிறகு அண்டாதான். உன் தங்கச்சி எனக்குக் கழன்றுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் நான் கேட்கிற பாட்டு உனக்கு எதற்கு? நீ எழுதப்போவது உங்க அப்பாவின் சவுண்டு சர்வீஸ் கதை. உனக்குப் பாட்டுக்கூட வேண்டியதில்லை. ஊசி தட்டில் இறங்கியதும் பாட்டுக்கு முன்னால் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பார். உன்னிடம் அந்தப் பெட்டியில் இன்னும் நாலைந்து தட்டு இருக்கிறதல்லவா?

எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். கல்யாண வீட்டில் முதல் தட்டு பிள்ளையார் பாட்டு, அது தெரியும். அதற்கு அடுத்து உங்க அப்பா எதைப் போடுவார்? தாலி கட்டும் நேரத்தில் தட்டை நிறுத்திவிட்டு மேளத்துக்கு விடுவாரா, இல்லை சத்தத்தைக் குறைப்பதோடு சரியா? கரண்டு இல்லாத ஊருக்குப் போனால் பேட்டரியை யார் சுமந்தது? நீ கூடப் போயிருக்கிறாய், உனக்குத் தெரியாமல் இருக்காது. ஏழாவது அத்தியாயம் இதற்காக நிற்கிறது. சீக்கிரம் எழுது.

உன்,
பழைய ரூம்மேட்